நாயின் மூட்டுவலிக்கு மசாஜ்: கையால் எவ்வளவு செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

மார்கழி, தை மாதங்களில் கண்டியில் விடியற்காலைக் குளிர் இறங்கும்போது, வயது போன நாய்கள் படுத்த இடத்தை விட்டு எழும்பத் தாமதிக்கும். முன்கால்களை ஊன்றி, பின்பகுதியை இழுத்து, ஓரிரு தடவை முயன்ற பிறகே நிற்கும். கொஞ்சத் தூரம் நடந்ததும் நடை இலகுவாகிவிடும். "வயசு போட்டுது, இனி அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

ஆனால் அது பெரும்பாலும் வெறும் வயதல்ல. மூட்டுவாதம் என்ற நோய். அதற்கு முழுமையான சுகம் இல்லை என்றாலும் வலியைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றில் செலவே இல்லாத ஒன்று, முறையாகத் தடவிப் பிடித்துவிடுவது. மேலைநாடுகளில் இதை நாய்களுக்கான மசாஜ் சிகிச்சை என்கிறார்கள்.

மனிதர்களின் காயங்களே ஆறாத மண்ணில் நாய்க்கு மசாஜா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, தனித்து வாழும் தாய்மாரின் வீடுகளில் இரவுக் காவலும் பேச்சுத் துணையும் பல இடங்களில் ஒரு நாய்தான். இடம்பெயர்ந்த அன்று கட்டை அவிழ்த்துவிட்டு வந்த நாயைப் பற்றி இன்றும் கதைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்களுக்குக் குளிர் காலத்தில் பழைய காயம் எப்படி நோகும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே வலியைச் சொல்லத் தெரியாத ஒரு உயிருக்கு என்ன செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் நுனிகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையில் எண்ணெய் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. குருத்தெலும்பு தேயத் தொடங்கினால் மூட்டின் உட்சவ்வு அழற்சி அடையும், திரவத்தின் தன்மை கெடும், எலும்பின் ஓரங்களில் முள் போன்ற வளர்ச்சிகள் தோன்றும். நாய்களில் இடுப்பு, முழங்கால், முழங்கை, முதுகெலும்பு ஆகிய இடங்களில் இதை அதிகம் காணலாம்.

மனிதர்களில் இது பெரும்பாலும் முதுமையோடு வருவது. நாய்களில் கதை சற்று வேறு. இடுப்பு மூட்டு பிறவியிலேயே சரியாகப் பொருந்தாமை, முழங்கை வளர்ச்சிக் குறைபாடு, முழங்காலின் உள்நாண் அறுதல், வாகன விபத்தில் முறிந்து கோணலாகப் பொருந்திய எலும்பு ஆகியவையே பல நாய்களில் நோயைத் தொடக்கி வைக்கின்றன. அதனால் மூன்று நான்கு வயது நாய்க்கும் மூட்டுவாதம் இருக்கலாம். ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கு ஆபத்து அதிகம்.

நமது ஊர் நாய்கள் உடல் மெலிந்தவை, ஓடித் திரிபவை. அந்த வகையில் அவற்றுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் வீதி விபத்தும், தோட்டப் பகுதிகளில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் அவற்றின் கால்களைப் பதம் பார்க்கின்றன. ஒரு காலை இழந்து மூன்று காலில் வாழும் நாயின் மற்ற மூட்டுகள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால் அவை விரைவாகத் தேயக்கூடும்.

எத்தனை நாய்களுக்கு இந்த நோய் இருக்கிறது? ஒரு வயதைத் தாண்டிய நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு இருக்கலாம் என்பது வட அமெரிக்காவிலிருந்து நீண்ட காலமாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. பிரித்தானியாவில் சாதாரண கால்நடை மருத்துவ நிலையங்களின் பதிவேடுகளை வைத்து 2018 இல் வெளியான ஆய்வோ, ஒரு வருடத்தில் 2.5 சதவீத நாய்களுக்கே கால் மூட்டுகளில் இந்த நோய் பதிவாகியிருந்ததாகச் சொன்னது. அளவிட்ட முறைகள் வேறுபடுவது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். வைத்தியரிடம் கொண்டுபோகப்படாமலே பல நாய்கள் வலியோடு வாழ்கின்றன என்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

சத்தம் போடாத வலி

கால் முறிந்த நாய் கத்தும். மூட்டுவாதம் உள்ள நாய் கத்தாது. நாட்பட்ட வலியை அது தன் நடத்தையிலேயே காட்டும். கவனிக்க வேண்டியவை இவை:

- காலையிலும், நீண்ட நேரம் படுத்த பின்பும் விறைப்பு. நடக்க நடக்க அது குறைதல்.
- படியேறவும், திண்ணையிலிருந்து குதிக்கவும், ஓட்டோவில் ஏறவும் தயங்குதல்.
- ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குதல். அந்த இடத்து மயிர் நிறம் மாறுதல்.
- ஒரு பக்கத் தொடை மற்றதை விட மெலிதல்.
- ஒரு காலின் நகங்கள் மட்டும் நீளமாக வளர்தல். அந்தக் காலை ஊன்றாததால் நகம் தேய்வதில்லை.
- முன்பு தடவ விட்ட நாய் இப்போது இடுப்பைத் தொட்டால் உறுமுதல்.
- வாசல் வரை வந்து வரவேற்ற நாய் படுத்தபடியே வாலை மட்டும் ஆட்டுதல்.

கடைசி இரண்டையும் "குணம் மாறிவிட்டது", "சோம்பல் பிடித்துவிட்டது" என்று தவறாக விளங்கிக்கொள்வது சாதாரணம். பிள்ளைகளைக் கடிக்கப் பார்க்கிறது என்று நாயைக் கட்டி வைப்பார்கள். கட்டி வைத்தால் தசை இன்னும் மெலியும், மூட்டு இன்னும் இறுகும், வலி இன்னும் கூடும்.

கண்டியின் படிகள்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போனால் இன்னும் உயரம், இன்னும் குளிர், இன்னும் ஈரம். குளிர் மூட்டுவாதத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் குளிரில் தசைகள் இறுகும், விறைப்பு கூடும். சரிவில் கட்டிய வீடுகளில் வாசலுக்கு வரவே பத்து இருபது படிகள் ஏற வேண்டும். தோட்டத்து லயன்களுக்கு முன்னால் இருப்பது மேடு பள்ளமான மண் பாதை. நகரத்து வீடுகளில் வழுக்கும் தரையோடு. பின்கால் வலியுள்ள நாய்க்கு இந்த மூன்றும் ஒவ்வொரு நாளும் சோதனைதான்.

நாய் நிற்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களும் 40 சதவீதத்தைப் பின்கால்களும் தாங்குகின்றன. இடுப்பு நொந்தால் அது எடையை மேலும் முன்னுக்குத் தள்ளும். அதனால் கழுத்தும் தோளும் முதுகும் நாள் முழுவதும் கூடுதலாக உழைக்கின்றன. நாளடைவில் அந்தத் தசைகளில் கயிறு போல இறுக்கமும், அழுத்தினால் நோகும் முடிச்சுகளும் உண்டாகின்றன. நோய் இடுப்பில் இருந்தாலும் வலியின் ஒரு பங்கு தோளில் இருக்கும். மசாஜ் உதவக்கூடிய இடம் இதுதான்.

மசாஜ் என்ன செய்கிறது, என்ன செய்யாது?

முதலில் செய்யாததைச் சொல்லிவிடலாம். தேய்ந்த குருத்தெலும்பை எந்த மசாஜும் வளர்க்காது. பிறவியில் பொருந்தாத இடுப்பைப் பொருத்தாது. அறுந்த நாணை ஒட்டாது. "முழுச் சுகம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அது செய்வது வேறு. இறுகிய தசையைத் தளர்த்துகிறது. மூட்டு அசையும் எல்லையைக் காக்க உதவுகிறது. வலியை உணரும் விதத்தையும் மாற்றுகிறது. காலை எங்காவது இடித்துக்கொண்டால் நாம் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம், நோவு குறைகிறது. தொடுகையைக் கொண்டு செல்லும் நரம்புச் செய்திகள் முள்ளந்தண்டு வடத்தில் வலிச் செய்திகளை ஓரளவு மறிக்கின்றன என்று 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இரு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அந்தக் கொள்கை பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளானாலும் அதன் அடிப்படை இன்றும் பயன்படுகிறது.

சான்றுகள் எவ்வளவு பலமானவை? முழங்கால் மூட்டுவாதம் உள்ள 222 மனிதர்களை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்டு 2019 இல் வெளியான பரிசோதனையில், எட்டு வாரம் மசாஜ் பெற்றவர்களின் நிலை மற்றவர்களை விடத் தெளிவாக முன்னேறியிருந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. நாய்களைப் பொறுத்தவரை, 2021 இல் பிரித்தானியக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் 500க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. மசாஜுக்குப் பின் வலி குறைந்ததாகவும் வாழ்க்கைத் தரம் கூடியதாகவும் அது சொன்னது. ஆனால் மசாஜ் பெறாத நாய்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. ஆகவே நம்பிக்கை தரும் தகவல் என்று சொல்லலாம், முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. மருந்து, எடைக் குறைப்பு, அளவான நடை ஆகியவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்றே மசாஜ்.

முதலில் வைத்தியர்

நொண்டும் நாய்கள் எல்லாவற்றுக்கும் மூட்டுவாதம் இல்லை. உண்ணிக் காய்ச்சல் நமது நாட்டு நாய்களில் சாதாரணம். அதிலும் நாய் சோர்ந்து, நடக்க மறுக்கலாம். எலும்புப் புற்றுநோய், முதுகெலும்புத் தட்டு விலகல், பாதத்தில் ஏறிய முள் எல்லாமே நொண்டலாகத்தான் தெரியும். புற்றுக்கட்டியையோ முறிந்த எலும்பையோ அழுத்திப் பிடித்தால் தீங்கே நேரும். பிரித்தானியாவில் மசாஜ் செய்பவர்கள் கால்நடை வைத்தியரின் ஒப்புதலோடுதான் நோயுள்ள நாயைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கு இருப்பது இதனால்தான்.

இந்த விடயத்தில் கண்டி வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. இலங்கையின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதன் கால்நடை போதனா வைத்தியசாலைக்கு நாய்களையும் கொண்டுபோகலாம். நாட்டின் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனை கெட்டம்பேயில்தான். மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் தமது பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம். வடக்கு கிழக்கில் பணியாற்றும் கால்நடை வைத்தியர்களிலும் பெரும்பாலானோர் பேராதனையில் படித்தவர்களே. ஆகவே தமிழில் விளக்கம் கேட்பது பல இடங்களில் சாத்தியம்.

பின்வரும் நிலைகளில் மசாஜ் செய்யக் கூடாது: காய்ச்சல், திறந்த காயம், தோல் தொற்று, புதிதாகச் சூடும் வீக்கமும் கண்ட மூட்டு, அண்மைய முறிவு அல்லது சத்திரசிகிச்சை, காரணம் தெரியாத கட்டி, பின்கால்கள் திடீரெனச் செயலிழத்தல். கடைசியில் சொன்னது அவசர நிலை. ஒரு நாளும் காத்திருக்காமல் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நீர்வெறுப்பு நோய் இந்த நாட்டில் இன்னும் மனித உயிர்களைப் பலியெடுக்கிறது. தடுப்பூசி போடாத நாயை, திடீரென நடத்தை மாறிய நாயை, பழக்கமில்லாத தெருநாயைப் பிடித்து மசாஜ் செய்ய முற்பட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எப்படிச் செய்வது?

நாய் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். அமைதியான இடத்தில், மடித்த சாக்கு அல்லது பழைய போர்வையின் மேல் அது தானாகப் படுக்கட்டும். பிடித்து அழுத்திப் படுக்க வைக்கக் கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தேவையில்லை.

1. சூடு: குளிர் நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயை இறுகிய தசையின் மேல் 10 நிமிடம் வைக்கலாம். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

2. தடவுதல்: உள்ளங்கையை விரித்து, கழுத்திலிருந்து வால் அடி வரை, பின் தோளிலிருந்து கால் நோக்கி, மயிர் படிந்த திசையில் மெதுவாகத் தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். எந்த இடத்தில் தோல் துடிக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்பதை உங்கள் கையே கண்டுபிடிக்கும்.

3. பிசைதல்: கழுத்தின் பக்கங்கள், தோள், தொடை ஆகிய சதைப்பற்றான இடங்களில் விரல்களின் தட்டையான பகுதியால் சிறு வட்டங்களாகவோ, ரொட்டிக்கு மாப் பிசைவதை விட மிக மென்மையாகவோ பிசையுங்கள். முதுகெலும்பின் மேலோ மூட்டின் மேலோ நேராக அழுத்த வேண்டாம். அதன் இரு பக்கத் தசைகளில் மட்டும் வேலை செய்யுங்கள்.

4. அசைத்தல்: வைத்தியர் சரி என்று சொன்னால் மட்டும், மூட்டின் மேலும் கீழும் கையைத் தாங்கிப் பிடித்து, நாய் எதிர்க்காத அளவுக்குள் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஐந்து தடவை போதும். ஒருபோதும் இழுக்க வேண்டாம்.

5. முடித்தல்: மீண்டும் நீளமாகத் தடவி முடித்து, நாயைச் சில நிமிடம் மெதுவாக நடக்க விடுங்கள்.

மொத்தம் 10 முதல் 15 நிமிடம். முதல் வாரம் 5 நிமிடமே போதும். நாய் பெருமூச்சு விட்டு, கண் சொருகி, உடலைத் தளர விட்டால் அது ஏற்றுக்கொள்கிறது. தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், உடல் விறைத்தால், எழும்பப் பார்த்தால் "போதும்" என்கிறது. உறுமும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மறுநாள் நொண்டல் கூடியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். இரண்டு நாள் விட்டு, பாதி அழுத்தத்தில் தொடங்குங்கள். அப்போதும் கூடினால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேளுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள ஆபத்து

இதைச் சொல்லாமல் மூட்டுவலியைப் பற்றிப் பேசக் கூடாது. "எனக்கு நோவு குறைந்தது, அதற்கும் குறையும்" என்று மனித மருந்தை நாய்க்குக் கொடுப்பது உயிரையே பறிக்கக்கூடும். ஐபியூபுரோபன், டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகள் நாய்களின் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோல் அளவு கூடினால் நாயின் ஈரலைத் தாக்கும். பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

பூசும் தைலமும் அப்படித்தான். கற்பூரம், யூக்கலிப்டஸ், வின்டர்கிறீன் சேர்ந்த நோவுத் தைலங்கள் மனிதத் தோலுக்குச் சரி. நாய் பூசிய இடத்தை நக்கும், மருந்து வயிற்றுக்குள் போகும். நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்துகளைக் கால்நடை வைத்தியர் அதன் எடையைப் பார்த்தே அளவிடுகிறார். மீதமிருக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுப்பதும் கூடாது.

எடையும் தரையும்

கை வைத்தியத்தை விடப் பலமான சான்று உள்ளது உணவுக் கட்டுப்பாட்டுக்குத்தான். அமெரிக்காவில் 48 லப்ரடோர் நாய்களைக் குட்டியிலிருந்து வாழ்நாள் முடியும் வரை கவனித்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. சோடியில் ஒன்றுக்கு மற்றதை விட 25 சதவீதம் குறைவான உணவு. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஏறத்தாழ மூன்று வருடம் தள்ளிப் போனது. பருத்த நாய்களில் உடல் எடையின் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்ததுமே நொண்டல் குறைந்ததை இன்னொரு ஆய்வு காட்டியது. 25 கிலோ நாய்க்கு அது ஒன்றரைக் கிலோதான். அன்பின் பெயரில் போடும் பிஸ்கட்டும் பாணும் அந்த மூட்டுக்குச் சுமை. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுவே சரியான எடை.

வழுக்கும் தரையில் பழைய சாக்கோ றப்பர் பாயோ விரிக்கலாம். படுக்கையை நிலத்து ஈரத்திலிருந்து உயர்த்தி, காற்று வீசாத மூலையில் வைக்கலாம். படிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைச் சரிவாக வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட தூரம் நடத்துவதை விட, தினமும் இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் சமதரையில் நடத்துவது நல்லது.

கடைசியாக

பொலிஸ் நாய்கள் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. மோப்ப நாய் என்றதும் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் நினைவுக்கு வருபவர்கள் நம்மில் பலர். அந்த நினைவை யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் கட்டளைக்குப் பணிந்து குதித்து ஓடிய அந்தப் பெரிய நாய்களும் உலகெங்கும் முதுமையில் இதே இடுப்பு வலியோடுதான் படுக்கின்றன. யாருடைய நாய் என்பதை வலி பார்ப்பதில்லை.

சில நாய்களுக்கு எதுவும் போதாமல் போகும் காலமும் வரும். எழும்ப முடியாமல், உண்ணாமல், கிடந்த இடத்திலேயே கழிக்கும் நிலை வந்தால் அடுத்து என்ன என்பதை வைத்தியரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆனால் பெரும்பாலான நாய்கள் அந்த இடத்துக்கு வரப் பல வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நொண்டும் நாய் உங்கள் வீட்டில் இருந்தால், மேலே உள்ள அறிகுறிகளில் எவை அதற்கு இருக்கின்றன என்று இந்த வாரம் குறித்து வையுங்கள். அது நடப்பதைக் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடியுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள். என்ன நோய் என்று தெரிந்த பிறகு, எங்கே கை வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.